அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி

குட்டியானை வண்டி பின்பக்கமாகவே சந்துக்குள் வந்து தீபலட்சுமியின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

மேலே கட்டில், ஃபிரிட்ஜ், கயிறு போட்டுக் கட்டிய பீரோ. டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன மாதிரி ஒரு பெண்.

வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் ஜெபராஜ் சார். வீட்டு ஓனர். சேலையூரில் இருப்பவர், கீழ்க்கட்டளைப் பக்கம் அதிகம் தலைகாட்ட மாட்டார். தீபலட்சுமியைப் பார்த்ததும் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலேயே கேட்டார்.

"நீங்க எப்பம்மா வந்தீங்க?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. வாடகை வீடுதான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ஆறு வருஷமாகக் குடியிருக்கிறவளை, உள்ளே குக்கர் விசிலடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் வாசலிலேயே நின்று எப்போது வந்தாய் என்று கேட்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? நைட்டி மேல் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

யார் சாமான் இது என்று கேட்டாள். வண்டியில் இருக்கிற சுஜியும் அவள் புருஷனும் இன்றைக்குப் பால் காய்ச்சுகிறார்கள், ஒண்ணாம் தேதி ஆயிற்றே என்றார் அவர்.

"எந்த ஒண்ணாம் தேதி சார்?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி காலி பண்ண வேண்டும் என்று ஓனர் சொன்னதாக அவள் புருஷன் கதிரேசன் வந்து சொன்னான். ஆவணி ஒண்ணுதான், ஒன்றும் அவசரமில்லை, கோவிலம்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னான். ஆடியில் நின்றுகொண்டு அடுத்த மாசம் என்றால் ஆவணி. இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது? சம்பளத்துக்கும் வாடகைக்கும் இங்கிலீஷ் மாசம். பால் காய்ச்சவும் வீடு மாறவும் தமிழ் மாசம். ஸ்கூல் போகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நாள்காட்டியில் ஆகஸ்ட் என்று போட்டுவிட்டால் ஆடி ஓடிப்போய்விடுமா?

சர்ச்சுக்குப் போகிற மனுஷர், அவருக்கு ஆடி கிடையாது, சரி. இந்தப் பெண்ணுக்கும் கிடையாது போலிருக்கிறது, சரி. ஆனால் இத்தனை வருஷமாக வீடு வாடகைக்கு விட்டவருக்கு, ஆடியில் எங்களில் யாரும் ஒரு சட்டியைக்கூட நகர்த்த மாட்டோம் என்பது தெரியாதா?

இதையெல்லாம் அவள் மனசுக்குள் நினைக்கவில்லை. சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னாள்.

எதிர்வீட்டுக் கிளியம்மாள் பால்கனியிலிருந்து சேர்ந்துகொண்டாள். "ஆடி மாசத்துல ஒரு குடும்பத்த வெளிய போவச் சொல்றியே, இன்னா நாயம் சார் இது?"

ஜெபராஜ் சார் இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்தார். தீபலட்சுமி இடம் கொடுத்தால்தானே.

கதிரேசனுக்கு போன் போட்டாள். கம்பெனி வேலையாக ஓசூர் போயிருக்கிறான். ரிங் போய்க்கொண்டே இருந்தது. இந்த மனுஷனுக்கு வேண்டிய நேரத்தில் காது கேட்டதாகச் சரித்திரமே இல்லை. அந்த எரிச்சலும் ஓனர் தலையில்தான் விழுந்தது. என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர், அவர் ஆவணி என்றால் நீங்கள் சொன்னதும் ஆவணிதான், இப்போது இவர்களிடம் கை நீட்டிவிட்டுத் தேதியை மாற்றுகிறீர்கள் என்றாள்.

சுஜி அடுப்போடு இறங்கி வந்து, பழைய வீட்டைக் காலி பண்ணிவிட்டு வந்துவிட்டோம் அக்கா என்று மெதுவாகச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது? அது உன் பாடு, உங்க ஓனரைக் கேள் என்றுவிட்டாள்.

அதைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

ஜெபராஜ் சார் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கேட்டுக்கு நெருங்கி வந்தார். பால்கனியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அங்கே கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆடியாச்சே, ஆவணி வரைக்கும் இருங்கன்னு சொன்னதே நான்தாம்மா. அவர்தான் வேண்டாம், ஆகஸ்ட் ஒண்ணே போதும்னார். உங்களையும் பாப்பாவையும் ஊருக்கு அனுப்பியாச்சு, சாமானையும் வெள்ளிக்கிழமையே ஏத்திடறேன்னார்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இந்த வீட்டின் இன்னொரு சாவி. கதிரேசன் பைக் சாவியோடு சேர்த்து மாட்டியிருப்பானே, அது. போன வாரமே சேலையூர் வந்து கொடுத்துவிட்டுப் போனானாம்.

தீபலட்சுமி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளியம்மாள் என்ன ஆச்சு என்று மேலேயிருந்து கேட்டாள்.

இவ்வளவு நேரம் கத்தியதெல்லாம் அந்த ஆளுக்காக. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது, காட்டுவதற்குத்தான் எதிரில் ஆள் இல்லை.

"வேணும்னா நாங்க ரெண்டு நாள்..." என்று சுஜி ஆரம்பித்தாள்.

தீபலட்சுமி கேட்டுக்கு மேலாகக் கையை நீட்டி ஜெபராஜ் சாரின் உள்ளங்கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

"காலி பண்ணது அவர் சார்," என்றாள். இந்தத் தடவை கத்தவில்லை. "நானும் என் பொண்ணும் பண்ணல."

கேட்டுக்குக் கொண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.