ஒன்பதாவது மீட்டரில் ஜீரோ

"சுத்தியலைத் தூக்காமலே ஜீரோ எழுதிட்டுப் போறான் லா அந்த அங்கமுத்து. இவனுக்கும் சம்பளம்!"

கண்டெய்னர் ஆபீஸுக்கு வெளியே, மண் சோதனைக்குத் துளை போடும் பரமசிவம் யாரிடமோ சொன்னது, உள்ளே இருந்த நிவேதிதாவின் காதில் விழுந்தது.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் நாலு மாடி முதியோர் இல்லம் வரப்போகும் இடம் அது. மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்ல வேண்டிய இன்ஜினியர் அவள். வேலையில் சேர்ந்து மூன்றே மாதம்.

அங்கமுத்து போட்ட துளையின் ஷீட்டை எடுத்துப் பார்த்தாள். ஒன்பதாவது மீட்டரிலிருந்து வரிசையாக ஜீரோ. பரமசிவம் போட்ட இரண்டு துளைகளிலும் அதே ஆழத்தில் பத்து, பதினொன்று, பத்து.

துளைக்குள் இறக்கிய கம்பியின் தலையில், கயிற்றால் தூக்கிப் போடும் கனமான சுத்தியலால் அடிக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆனதோ, அதை எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அங்கமுத்துவைக் கூப்பிட்டாள். பரமசிவமும் கூடவே வந்தார்.

"அண்ணே, இங்க எத்தனை அடி அடிச்சீங்க?"

"அடிக்கவே இல்ல மேடம்."

"நான் சொல்லல?" என்று சிரித்தார் பரமசிவம்.

"ஏன் அடிக்கல?"

"மண்ணு விடல மேடம்."

நிவேதிதா எல்லா ஷீட்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டாள். "என் முன்னாடி செஞ்சு காட்டுங்க. பொய்னா ஆபீஸுக்கு எழுதித்தான் ஆகணும்."

எழுதினால் அங்கமுத்துவின் வேலை பர்மிட் ரத்தாகும். அடுத்த வாரமே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கமுத்து தலையாட்டிவிட்டுப் போய் மெஷினைக் கிளப்பினார்.

தன் பழைய துளைக்கு ஒரு மீட்டர் தள்ளிப் புதுத் துளை. ஒன்பது மீட்டர் வர மணி மூன்றாகிவிட்டது. கம்பியில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டு, சுத்தியலை மெல்ல அதன் தலையில் உட்கார வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

யாரும் கயிற்றைத் தொடவில்லை. தயிரில் கரண்டி இறங்குவது போல் கம்பி தானாக இறங்கியது. மூன்று கோடும் மறைந்தன.

"கடல் களிமண் மேடம். சும்மா வெச்ச கனத்தையே தாங்கல."

நிவேதிதா கையிலிருந்த பரமசிவத்தின் ஷீட்டுகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அங்கமுத்து முந்திக்கொண்டார். "இடத்துக்கு இடம் மண்ணு மாறும் மேடம். பரமசிவம் அண்ணன் பக்கம் நல்லாவே இருக்கலாம். எதுக்கும் அங்கயும் இன்னொண்ணு போட்டுப் பாத்துடுவோம். நானே போடறேன்."



பரமசிவம் அவளிடமிருந்து தன் இரண்டு ஷீட்டையும் வாங்கி, எண்களின் குறுக்கே கோடு கிழித்து, 'அடிக்காமல் எழுதியது' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார்.