காலியாக விட முடியாத பெட்டி

செல்போன் திரைகளில் நேரம் தேர்ந்தெடுக்கும் பெட்டிகளை வடிவமைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஈரேழு பதினாலு லோகத்திலும் ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவனைப் பதிவு அலுவலகத் தொடுதிரைக் கணினியில் இருந்த ஒரு சோப்ளாங்கிப் பெட்டி மடக்கிப் போட்டுவிட்டது.

"மணியைப் போடுங்க சார், அப்பதான் அடுத்த பக்கம் போகும்," என்றாள் அலுவலகப் பெண்.

"என்ன மேடம் லட்சணம் இது? இந்தக் கடிகார முள்ளைச் சுத்திச் சுத்தி விரலே தேஞ்சுபோச்சு! 'தெரியாது'ன்னு ஒரு பட்டன் வைக்கக் கூடாதா? நான் செஞ்சிருந்தா பச்சைக்குழந்தைகூட போட்டிருக்கும்! வெளியில வண்டி நிக்குது, உங்க சீட்டு இல்லாம நகர முடியாது."

"நீங்க செஞ்சா பிரமாதமாத்தான் இருக்கும். இப்ப சொல்லுங்க, அப்பா எத்தனை மணிக்குத் தவறினாரு?"

அவன் குரல் இறங்கியது. "தூக்கத்துலயே போயிட்டாரு. காலையில சமையல்காரம்மாதான் பார்த்தாங்க."

"வீட்ல வேற யாருமில்லையா?"

"நான் இருந்தேன். அவரு மாடி ரூம்ல இருந்தாரு."

அவள் மனமிரங்கினாள். "சரி விடுங்க. அவரை நீங்க கடைசியா உயிரோட பார்த்த நேரத்தைப் போடுங்க, போதும்."

முள்ளின் மேல் விரலை வைத்தவன், அதை நகர்த்தாமலே கேட்டான்.

"இதுல போன மாசத்துக்குப் போக முடியுமா மேடம்?"