ஞாயிற்றுக்கிழமை உலக்கை

பெட்ரோல் விலை ஏறலாம். ரொட்டி இளைக்கலாம். நைரா நாணயம் குப்புற விழுந்து மூக்கை உடைத்துக்கொள்ளலாம். ஆனால் இபாதான் நகரில், ஓய்வுபெற்ற பல்கலைக்கழக முதுநிலைத் துணைப் பதிவாளர் மாண்புமிகு ஒலாலேரே அவர்களின் இல்லத்தில், ஞாயிறு நண்பகலில் அவித்த பெருவள்ளிக்கிழங்கு களியாக இடிபட்டே தீரும். சரித்திரம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரித்திரம் குறித்துக்கொண்டதோ என்னவோ, அதே முற்றத்தைச் சுற்றியிருந்த மற்ற ஏழு குடித்தனங்களும் குறித்துக்கொண்டிருந்தன.

முன்பெல்லாம் எட்டு வீட்டிலும் ஞாயிறன்று உலக்கை விழும். கிழங்கு விற்கிற விலையில் ஒவ்வோர் உரலாக வாயை மூடிக்கொண்டது. ஏழு வீட்டில் இப்போது தண்ணீரில் ஊறிய மரவள்ளி ரவை. அதை ஊறவைத்தால் சத்தம் வராது. மானமும் போகாது.

ஒலாலேரே வீட்டு உரல் மட்டும் அசரவில்லை.

மற்றவர்கள் முற்றத்தில் இடித்தவர்கள். இவர் வீட்டில் உள்ளறையில், திரை போட்டு இடிப்பது வழக்கம். பதவியில் இருந்தவர் சாப்பாட்டில் கண் படக்கூடாதாம்.

அன்றைக்கும் திரைக்குப் பின்னால் அவர் மனைவி, மொரேனிகேயின் அம்மா, இடித்துக்கொண்டிருந்தாள். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

“இன்னும் அழுத்தி.”

“கை என்னுது. வாய் மட்டும்தான் உங்களுது.”

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டு வீட்டுக்கும் சொந்தக்காரர், அல்ஹாஜி திஜானி. கையில் அந்த மனு.



மனுவை இயற்றியவர் ஒலாலேரேதான். வாடகையை இரண்டு மடங்காக்கும் எண்ணத்தைக் கைவிடக் கோரி, எட்டுக் குடித்தனங்களின் சார்பில், நெடுநெடுவென்று எழுதி, முதல் கையெழுத்தும் போட்டவர். ‘இவ்வளாகத்தில் கிழங்கைக் கண்ணால் கண்டு நெடுங்காலமாயிற்று’ என்ற வரியை அவர் முற்றத்தில் நின்று வாசித்தபோது, தையற்காரி பூன்மி அழுதேவிட்டாள்.

தொம். தொம். தொம்.

அல்ஹாஜி தலையைச் சாய்த்துக் கேட்டார். “நல்ல நேரத்துலதான் வந்திருக்கேன் போல.”

சமையல் நடக்கும்போது வந்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டே ஆகவேண்டும். ஒலாலேரேயின் நாக்கு அவரைக் கேட்காமலேயே கூப்பிட்டுவிட்டது. வந்தவர், ‘வேண்டாம், இப்பத்தான் ஆச்சு’ என்று சொல்லிவிடுவதும் வழக்கம். அந்தப் பாதியை அல்ஹாஜி மறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

திரைக்குப் பின்னால் உலக்கை ஒரு கணம் தயங்கியது. பிறகு முன்னைவிட மும்முரமாக விழத் தொடங்கியது.

நின்றால் பரிமாற வேண்டும்.

நேரம் போயிற்று. அவள் மூச்சு வாங்குவது திரையைத் தாண்டிக் கேட்டது. வெளியே ஏழு கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

“கெட்டிக் கிழங்கு போல,” என்றார் அல்ஹாஜி. “எங்க வீட்டுல இந்நேரம் தின்னு கை கழுவியிருப்போம்.”

“நல்ல கிழங்குன்னா கொஞ்சம் பிடிவாதம் இருக்கும், அல்ஹாஜி,” என்றார் ஒலாலேரே. நெற்றி வியர்வை தொப்பிக்குள்ளிருந்து இறங்கி மூக்கு நுனியில் நின்றது.

அல்ஹாஜி மனுவைப் பிரித்து முழங்காலில் வைத்து நீவினார்.

“நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல, பதிவாளரே. இதைப் படிச்சுட்டு மனசு கேக்கல. வாடகை பழையபடியே இருக்கட்டும்னு சொல்லத்தான் கெளம்பி வந்தேன். முற்றத்துல கால் வெச்சா இந்தச் சத்தம்.”

தொம். தொம்.

“அந்தத் திரையை ஒரு தடவை விலக்குங்க. உள்ள இருக்கறது கிழங்கு இல்லேன்னா, இப்பவே எந்திரிச்சுப் போயிடறேன். யாருக்கும் ஒரு நைரா ஏறாது.”

உலக்கை நின்றது.

முற்றத்தில் யாரோ குழந்தையை அதட்டி வாயை மூடவைத்தார்கள். ஏழு குடித்தனங்களும் காதாக நின்றன. அடுத்த மாதம் இங்கேயா, நகரத்துக்கு வெளியே தகரக் கொட்டகையிலா என்பது அந்தத் துணியின் மடிப்பில் தொங்கியது.

“உள்ளதைச் சொல்லிடுங்க, மொரேனிகே அப்பா,” என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். சோர்ந்த குரல்.

ஒலாலேரே எழுந்தார். திரைக்கு முன்னால் போய் நின்று, தொப்பியை நேராக்கிக்கொண்டார். ஒரு காலத்தில் அவர் அறைக்கு வெளியே விரிவுரையாளர்கள் காத்துக் கிடந்தார்கள். சம்பள நிலுவை கேட்டு வந்தவர்களுக்கு முன்னால் இதே மாதிரிதான் நிற்பார்.

“கிழங்குதான்,” என்றார், முற்றம் முழுக்கக் கேட்கும்படி. “முதல் தரம்.”

அல்ஹாஜி எழுந்தார். மனுவை மடித்து நாற்காலியில் வைத்தார்.

“அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டு மடங்கு. எட்டு வீட்டுக்கும்.”

அவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கடைசிக் கதவு பூன்மியுடையது.

“நல்லா உருட்டி முழுங்குங்க, பதிவாளர் ஐயா. எங்க பங்கையும் சேர்த்து.”

மொரேனிகேயின் அம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். உரலுக்குள் கைவிட்டு, ஈரத் துண்டை வெளியே எடுத்துப் பிழிந்து, கொடியில் உலரப் போட்டாள்.

உரலில் வேறு எதுவும் இல்லை.