மனுவேல் போடாத கையெழுத்து

நிலக்கரி வாயு தேடி வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வயல்களில் துளைபோட வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கையெழுத்து வாங்கி வயலைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அன்றிலிருந்து மனுவேல் எந்தக் காகிதத்தையும் தொடுவதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற தலைதான். ஆனால் லேசில் ஏமாறாத தலை என்று அவருக்கே ஒரு நினைப்பு.

அந்த நேரம் பார்த்து, பேன்ட் போட்ட ஒரு பெண் காகிதக் கட்டோடு வரப்பில் வந்தாள்.

"மாமா, ஒரு கையெழுத்து வேணும். ஊர்ல எல்லாரும் போட்டாச்சு. ஒங்களது ஒண்ணுதான் பாக்கி."

"எல்லாரும் கிணத்துல சாடினா நானும் சாடணுமா?"

"வாசிச்சுக் காட்டுகேன், கேளுங்க."

"நீ வாசிக்கது ஒண்ணு, அதுல இருக்கது வேற ஒண்ணு. ஒன்ன மாதிரி எத்தன பேரக் கண்டிருக்கேன்! போ பிள்ளே."

அவள் போனதும் மனைவி ரோஸ்லெட்டைப் பார்த்து மீசையை முறுக்கினார். "ஊருல மூளையுள்ள ஒருத்தன் நான்தாம்ட்டி."

அடுத்த மாதம் துளைபோடும் வண்டி எல்லா வயலையும் தாண்டி வந்து, அவர் வயலில் மட்டும் இறங்கியது.

"ஏலே, நான் எதுலயும் கையெழுத்து போடல்லியே!" என்று குறுக்கே பாய்ந்தார் மனுவேல்.

வந்த அதிகாரி பட்டியலைப் புரட்டினார். "அதனாலதான் வந்தோம், பெரியவரே. துளை போடக்கூடாதுன்னு ஊரே கையெழுத்துப் போட்டு கலெக்டருக்கு மனு கொடுத்திருக்கு. அதுல உங்க கையெழுத்து மட்டும்தான் இல்ல."

மனுவேல் அந்த ஏமாறாத தலையைச் சொறிந்தார்.

"ஏட்டி, அந்தக் காகிதம் கொண்டுவந்த பிள்ளைக்க வீடு எங்க இருக்கு?"

"ஊருல மூளையுள்ள ஒருத்தரு நீங்கதானே," என்றாள் ரோஸ்லெட். "நீங்களே கண்டுபிடியுங்க."