மூன்று வருடப் பத்தியம்

பனியில் நாற்பது நிமிடம் வரிசையில் நின்று, கடைத் திரையை விலக்கி உள்ளே காலெடுத்து வைத்தபோதுதான் சிசுரு அந்த முதுகைப் பார்த்தாள். மூன்றாவது முக்காலி, பழுப்புக் கம்பளிச் சட்டை. முப்பத்தொரு வருடமாகத் துவைத்துப் போடும் சட்டைக்காரரைத் தெரியாமல் போகுமா?

காலையில் ரத்தப் பரிசோதனை என்று சொல்லி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிய அவள் கணவர் மோரியோ, உப்பு ராமெனை ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஹகோடாடே நகரில் உப்பு ராமென், அதாவது உப்புச் சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ், என்றால் இந்தக் கடைதான். நூடுல்ஸை முடித்ததும் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

சிசுருவுக்கு வயிறு எரிந்தது. உப்பைக் குறைக்காவிட்டால் அவர் சிறுநீரகம் போய்விடும் என்று மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் எச்சரித்த அன்றே ஊறுகாய் ஜாடியையும் சோயா சாஸையும் தெருமுனைக் குப்பையில் கொண்டுபோய் போட்டவள் அவள். பக்கத்து முக்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தாள்.

"டாக்டர் இப்ப இங்கதான் ரத்தம் எடுக்கிறாரா?"

மோரியோவுக்குப் புரையேறியது. "சி... சிசுரு! நீ எப்படி இங்க?"

"அதை நான் கேக்கணும்."

"வாரத்துல ஒரே ஒரு நாள்தான், சத்தியமா. நாக்கு செத்துப் போச்சு, சிசுரு."

"உங்க நாக்குக்காக என் நாக்கையும் சேத்துல்ல சாகடிச்சேன்? உப்பில்லாத முள்ளங்கியைத் தின்னு தின்னு எனக்கே முள்ளங்கி மூஞ்சி ஆயிடுச்சு!"

பக்கத்தில் உறிஞ்சும் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் எதையும் கண்டுகொள்ளவில்லை.

"போன மாசம் டாக்டர் என்ன சொன்னாரு? 'உப்பு இன்னும் உள்ள போகுது, வீட்டுல ஒழுங்கா சமைங்கம்மா'ன்னு உங்க முன்னாடிதானே என்னைத் திட்டினாரு? நான் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டேன். நீங்க சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க!"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பொய் அழுகையில்லை. உப்பைவிட அந்த மௌனம்தான் அவளை அறுத்தது. இந்த மனிதனையா உயிரோடு வைத்திருக்கப் பாடுபட்டோம் என்று நினைத்தாள்.

மோரியோ நெற்றி சாப்பாட்டுப் பலகையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"நான் செஞ்சது துரோகம்தான். உன்னை மாதிரி ஒருத்தியை ஏமாத்திட்டேன். இனிமே இந்தக் கடைப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன்."

சிசுரு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "எந்திரிங்க. வீட்டுக்குப் போகலாம்."

அடுப்பின் ஆவிக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலையிடாத மனிதர் அவர். ஆனால் வரிசையில் நின்று வந்த வாடிக்கையாளர் சாப்பிடாமல் எழுந்து போவதை அவரால் தாங்க முடியவில்லை. சிசுருவைப் பார்த்து அன்பாகக் கேட்டார்:

"ஏம்மா, நீங்க எப்பவும் செவ்வாய்க்கிழமைதானே வருவீங்க?"