திட்டுவதற்கு ஒரு பெயர்

மாலியின் தலைநகர் பமாக்கோவுக்கு வந்து ஒன்பது நாளாகியும், விலை சொல்வதற்கு மேல் யாரும் என்னோடு பேசவில்லை. இங்கே நோயில் விழுந்தால் தேடி வர ஒருவரும் இல்லை என்ற பயம் எனக்கு. அன்று சாப்பாட்டுக் கடையில் சமைக்கும் பிந்தா என் குடும்பப் பெயரைக் கேட்டாள். காரைக்காலில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சில், எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"குடும்பப் பேரே இல்லையா? இங்கே அந்தப் பேரை வச்சுத்தான் ஒருத்தரை ஒருத்தர் உரிமையா கேலி பண்ணுவோம். அப்புறம் உன்னை யாரு, எப்படிக் கேலி பண்றது?" சற்று யோசித்தாள். "சரி தம்பி, இன்னிலேர்ந்து நீ குலிபாலி."

தெருமுனை ரொட்டிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவர் துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி, குலிபாலியா! காராமணி தின்னி! ஊர்ல ஒரு பானையாவது மிச்சம் வச்சியா?"

குலிபாலி என்றாலே காராமணி தின்னி என்பது ஊரறிந்த கேலி போலும்; வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சும்மா நிக்காதே, திருப்பிக் குடு" என்றாள் பின்னால் நின்ற பெண்.

"உங்க வீட்டுப் பானையைத்தான் காலி பண்ணேன்" என்றேன். கைதட்டினார்கள்.

மறுவாரம் காய்ச்சல் வந்தேவிட்டது. இரண்டு நாள் விடுதி அறையை விட்டு வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் காலை மாடிப்படியில் பல செருப்புகளின் சத்தம்.

"எங்கடா அந்தக் குலிபாலி?" ரொட்டிக்காரரின் குரல். "செத்தாலும் சொல்லிட்டுச் சாக மாட்டானா?"

என்னை யாரும் இவ்வளவு ஆசையாகத் திட்டியதில்லை. பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன்.