பாயசத்துக்கு நேரே ஒரு பெயர்

குடியிருப்பின் கூட்டு விருந்துக்கு யார் என்ன சமைக்கிறார்கள் என்று பதிவு செய்ய எழினி ஒரு இணையப் பக்கம் செய்துகொடுத்தாள். பதிவுகள் பதார்த்தம், பெயர் என்று ஜோடி ஜோடியாக வரும். அந்த வரிசையை ஒரே வரி நிரலில் ஆப்ஜெக்டாக, அதாவது பதார்த்தத்தைச் சொன்னால் பெயரைத் தரும் பட்டியலாக, மாற்றிவிட்டாள். ஒரு பதார்த்தத்துக்கு ஒரு பெயர்தான். அதே பதார்த்தம் மறுபடி வந்தால் பழைய பெயர் சத்தமில்லாமல் அழிந்து, புதியது அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இது அவளுக்கு உறைத்தது விருந்துக்கு முந்தைய நாள்தான். பால் பாயசத்துக்கு நேரே டெய்சிராணியும் அவளுக்கு எதிர்வீட்டுக் கோதையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் செருப்பு விட்ட தகராறில் தொடங்கி இரண்டு வருடமாக முகம்கொடுத்துப் பேசாதவர்கள். சண்டை வளர்வதற்குள் இரண்டு பெயரும் நிற்கும்படி திருத்திவிடலாமென்று நிரலைத் திறந்தபோது டெய்சிராணி போன் செய்தாள்.

“எழினி, உன் பக்கத்துல ஏதோ கோளாறும்மா. நான் கோதை பேரைத்தான் போடுறேன். திரும்பத் திரும்ப என் பேரே வந்து நிக்குது. யாரு போடுறாங்கன்னே தெரியல.”

“நீங்க ஏன்க்கா அவங்க பேரைப் போடுறீங்க?”

“அவங்க கைப்பக்குவம் எனக்கு வராதும்மா. நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லிடாத.”

எழினி பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். கோதை. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை பார்த்தாள். டெய்சிராணி.

திறந்த நிரலைத் தொடாமல் மூடிவிட்டு, பாயசத்துக்குப் பால் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாங்கிவந்து எந்தக் கதவைத் தட்டுவது என்றுதான் படியிறங்கும்போது யோசித்துக்கொண்டிருந்தாள்.